வாசகர் கேள்வி-பதில்: பிராக் போகும் முன்

கேள்வி: அப்பா, அம்மாவுடன் பிராக் போகிறோம். அம்மாவுக்கு முட்டிவலி. கோட்டை குன்றின் மேல் இருக்கிறதாமே, ஏற முடியுமா?
- வாசகி, அல்சூர்

பதில்: ஏறவே வேண்டாம். 22ஆம் எண் டிராம் மேலேயே கொண்டுபோய் விடும். 'பிராஷ்ஸ்கீ ஹ்ராட்' நிறுத்தத்தில் இறங்கினால் சில நிமிட நடையில் கோட்டையின் இரண்டாம் முற்றம். கொஞ்சம் நடக்கலாம் என்றால் இன்னும் இரண்டு நிறுத்தம் தள்ளி 'போஹொர்ஜெலெட்ஸ்' போய் இறங்குங்கள். அங்கிருந்து கோட்டை வரை இறக்கம்தான். திரும்பும்போது கிழக்கு வாசல் வழியாகக் கூட்டம் இறங்கும். அந்தப் பக்கம் நீளமான படிக்கட்டு, அம்மாவுக்கு ஆகாது. வந்த டிராமிலேயே திரும்பிவிடுங்கள்.

டிராமில் உள்ள கார்டு மெஷினில் வாங்கும் டிக்கெட்டில் நேரம் பதிந்தே வரும். வெளியே வாங்கிய காகித டிக்கெட்டை முதல் பயணத்தில் மஞ்சள் பெட்டிக்குள் நுழைத்து முத்திரை குத்த வேண்டும். மறந்தால், காசு கொடுத்து வாங்கிய டிக்கெட் கையில் இருந்தும் அபராதம்தான். தெருவெல்லாம் கருங்கல் பாவியது, ஹீல்ஸ் வேண்டாம்.

புனித வைட்டஸ் பேராலயத்துக்கு ஞாயிறு காலை போகாதீர்கள். பூசை நடப்பதால் மதியத்துக்குப் பிறகே சுற்றிப்பார்க்க விடுவார்கள். 1344இல் தொடங்கி 1929இல்தான் கட்டி முடித்த கோயில் அது. உள்ளே நுழைந்ததும் இடப்பக்கம் மூன்றாவது ஜன்னல் ஓவியர் முச்சா வடிவமைத்தது. மற்ற ஜன்னல்களில் வண்ணக் கண்ணாடித் துண்டுகளைக் கோத்திருப்பார்கள். இதில் கண்ணாடி மேலேயே தீட்டியிருக்கிறது. கிட்டப் போய்ப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். கோபுரத்தில் 287 படிகள், தனி டிக்கெட். அதை அப்பாவும் நீங்களும் பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: யூரோ வாங்கிக்கொண்டு போனால் போதுமா?
- வாசகர், ஜெயநகர்

பதில்: போதாது. செக் நாடு ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும் அங்கே நாணயம் கொருனா. சில கடைகள் யூரோ வாங்கிக்கொள்ளும், ஆனால் அவர்கள் வைத்ததுதான் ரேட். ஏடிஎம்மோ கடை மெஷினோ "ரூபாயில் கணக்கிடட்டுமா?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லி கொருனாவையே தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் அவர்கள் போடும் மட்டமான ரேட் உங்கள் தலையில். 'கமிஷன் இல்லை' என்று பலகை மாட்டிய பணமாற்றுக் கடைகளிலும் இதே கதை. கமிஷனை ரேட்டுக்குள் ஒளித்திருப்பார்கள். ஏமாந்துவிட்டால் மூன்று மணி நேரத்துக்குள் ரசீதோடு அதே கடைக்குப் போய் மாற்றியதை ரத்து செய்யலாம். 2019இல் இருந்து இது சட்டம். தெருவில் நின்று 'நல்ல ரேட்' என்று கூப்பிடுகிறவரிடம் பேச்சே கொடுக்காதீர்கள். செல்லாத வெளிநாட்டு நோட்டு கைக்கு வரும்.

கேள்வி: பிராக்கில் நான்கு இரவு, வியன்னாவிலும் புடாபெஸ்டிலும் மும்மூன்று. விமானம் வியன்னாவில் இறங்குகிறது. எந்த நாட்டு விசா?
- வாசகர், வைட்ஃபீல்ட்

பதில்: செக். மூன்று நாட்டுக்கும் ஒரே ஷெங்கன் விசா போதும்; எங்கே அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் கேட்க வேண்டும். நாள் சமமாக இருந்தால் மட்டுமே முதலில் நுழையும் நாடு. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும்.

கேள்வி: ஒருநாள் வெளியூர் போக எது நல்லது?
- வாசகி, இந்திராநகர்

பதில்: செஸ்கி க்ரும்லோவ் அழகுதான், ஆனால் போக மட்டுமே ஏறக்குறைய மூன்று மணி நேரம். ஒரு நாள்தான் என்றால் குட்னா ஹோரா போங்கள்; பிராக் மெயின் ஸ்டேஷனில் இருந்து ரயிலில் சுமார் ஒரு மணி நேரம். பலர் தடுமாறுவது இங்கேதான்: ஊரின் மெயின் ஸ்டேஷன் ஊருக்குள் இல்லை, செட்லெட்ஸ் பகுதியில் இருக்கிறது. அங்கிருந்து நடக்கும் தூரத்தில் எலும்புக் கோயில். பல்லாயிரம் பேரின் எலும்புகளால் சரவிளக்கு, குலச்சின்னம் எல்லாம் 1870இல் செய்து வைத்திருக்கிறார்கள். வாசலில் டிக்கெட் கிடையாது, சற்றுத் தள்ளியுள்ள தகவல் மையத்தில் வாங்க வேண்டும். உள்ளே போட்டோவும் கூடாது.

வெள்ளிச் சுரங்கக்காரர்களின் காவல் தெய்வமான புனித பார்பராவின் பேராலயம் அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி, பழைய ஊரில். அதனால் பிராக்கிலேயே பழைய ஊர்ப்பக்கம் இருக்கும் 'குட்னா ஹோரா மியெஸ்டோ' ஸ்டேஷன் வரை டிக்கெட் எடுங்கள், உள்ளூர் ரயிலும் அதில் அடங்கிவிடும். கார்ல்ஷ்டெய்ன் கோட்டை இன்னும் பக்கம், நாற்பது நிமிடம்தான். திங்கட்கிழமை மட்டும் போகாதீர்கள், ஆண்டின் பெரும்பகுதியில் அன்று பூட்டியிருக்கும்.