ஐஸ்கிரீம் வண்டியும் அடிபட்ட வில்லியும்

கேள்வி: நாங்கள் லண்டனில் இருக்கிறோம். ஐந்து வயது மகளுக்கு டஃப்டி என்ற அணில் வரும் பழைய பொம்மைப் படத்தைக் காட்டினேன். அதில் வில்லி என்ற வீசல் (கீரி போன்ற சின்ன விலங்கு) காரில் அடிபட்டதும் அழுதுவிட்டாள். இரவு முழுக்க அதே பேச்சு. இனி இந்தப் படங்களைக் காட்டலாமா?
- ஒரு வாசகி

பதில்: அன்புச் சகோதரி, காட்டலாம். ஆனால் அவளைத் தனியாகப் பார்க்க விடாதீர்கள்.

டஃப்டி 1953இல் எல்சி மில்ஸ் உருவாக்கிய அணில். பிரிட்டனின் ரோஸ்பா என்ற விபத்துத் தடுப்பு அமைப்பு சாலைப் பாதுகாப்பைச் சொல்லித்தர அதைப் பயன்படுத்தியது. 1961இல் டஃப்டி கிளப் வந்தது. நீங்கள் காட்டியது 1973இல் வந்த குறும்படங்களில் ஒன்று. பொம்மையைத் துளித்துளியாக நகர்த்தி, ஒவ்வொரு அசைவையும் தனித்தனியாகப் படம் பிடித்து எடுத்தது.

கதை சின்னதுதான். டஃப்டி அம்மாவோடு ஐஸ்கிரீம் வாங்கப் போகிறான். வில்லி தனியாக ஓடிப்போய் அடிபடுகிறான். அம்மாவைக் கூப்பிடாததால்தான் இப்படி ஆயிற்று என்கிறது பின்னணிக் குரல். எனக்கு உறுத்துவது அந்த வரிதான். ஐந்து வயதுக் குழந்தைக்கு வருகிற காரின் வேகத்தைக் கணிக்கத் தெரியாது. ஐஸ்கிரீம் வண்டி நிற்கும் தெருவில் கார் ஓட்டுகிறவர்தான் மெதுவாக வர வேண்டும். படம் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதை நீங்கள் சொல்லிவிடுங்கள்: “வில்லி கெட்ட பிள்ளை இல்லைம்மா. கார்க்காரர் மெதுவா வந்திருக்கணும். நீ ரோட்டுக்குப் போகும்போது என் கையைப் பிடிச்சுக்கோ.” அவள் அழுதது வில்லிக்காக. அந்த மனசைத் திட்டி அடக்க வேண்டாம்.

அப்புறம், இந்த வாரக் கடைசியில் அவளோடு சேர்ந்து ஒரு படம் எடுங்கள். ஒரு அட்டையில் சாக்பீஸால் ரோடு போடுங்கள். வில்லிக்கும் அம்மாவுக்கும் அவளுடைய பொம்மைகள் இரண்டு, ஒரு குட்டிக் கார் போதும். போனை அசையாமல் புத்தக அடுக்கில் சாய்த்து வைத்து, பொம்மையை அரை விரல் அகலம் நகர்த்தி ஒரு படம், மறுபடி நகர்த்தி இன்னொரு படம். நொடிக்குப் பத்துப் படம் என்று ஓட்டினால், நூறு படத்துக்குப் பத்து நொடி வரும். பொம்மையை நகர்த்துவது அவள் வேலையாக இருக்கட்டும். நடைபாதை ஓரத்தில் வில்லி நிற்கிறான், இரண்டு பக்கமும் தலையைத் திருப்புகிறான், அம்மா வந்து கையைப் பிடிக்கிறாள். அந்தத் தலை திருப்பலுக்கு மட்டும் இருபது படமாவது எடுங்கள்.

மறுநாள் கடைக்குப் போகும்போது நடைபாதை ஓரத்தில் நின்று, “இப்ப வில்லி என்ன பண்ணுவான்?” என்று கேளுங்கள். அவள் தலையைத் திருப்பிப் பார்த்து முடிக்கும்வரை அவசரப்படுத்தாதீர்கள்.