கேள்வி – பதில்: சர்வர் கண்காணிப்பை வீட்டிலிருந்தே கற்பது

கேள்வி: கல்லூரி ஒன்றில் கணினி ஆய்வகங்களையும் இரண்டு லினக்ஸ் சர்வர்களையும் பராமரித்து வருகிறேன். சாபிக்ஸ் கண்காணிப்பு மென்பொருளைக் கற்பதற்காக, வசதிப்பட்ட நேரத்தில் படித்துக்கொள்ளும் இணையவழிப் படிப்பு ஒன்றில் பணம் கட்டிச் சேர்ந்தேன். வீடியோக்கள் எல்லாம் புரிகின்றன. ஆனால் பாதியைத் தாண்டிய பிறகும் தனியாக எதையும் அமைக்கத் துணிவு வரவில்லை. வேறு படிப்புக்கு மாறிவிடலாமா?
– வாசகர், சிவகாசி

பதில்: மாற வேண்டியதில்லை. நேரில் நடக்கும் வகுப்பில், செய்முறைப் பயிற்சியை முடிக்காதவரை ஆசிரியர் அடுத்த பாடத்துக்குப் போக விடமாட்டார். உங்கள் படிப்பில் அப்படித் தடுப்பவர் யாரும் இல்லாததால், பயிற்சியைப் பிறகு பார்க்கலாம் என்று ஒதுக்கிவிட்டு அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவது இயல்பாக நடக்கிறது. கண்காணிப்பு மென்பொருளைக் கற்பவருக்கு இது பெரிய இழப்பு. எதுவுமே கெடாத கணினியில் அந்த மென்பொருள் என்ன செய்யும் என்பதைப் பார்க்கவே முடியாது. ஆகவே பயிற்சிக்கென்று ஒரு கணினியை வைத்துக்கொண்டு, அதை நீங்களே பழுதாக்கிப் பார்க்க வேண்டும்.

8 ஜிபி நினைவகம் உள்ள மடிக்கணினி இதற்குப் போதும். ஒரு கணினிக்குள்ளேயே வேறு கணினிகளை மென்பொருளாக இயக்க உதவும் விர்ச்சுவல்பாக்ஸை அதில் நிறுவி, இரண்டு சிறிய லினக்ஸ் கணினிகளை உருவாக்குங்கள். ஒன்றில் சாபிக்ஸ் சர்வரையும், மற்றொன்றில் அந்தக் கணினியின் நிலையைச் சர்வருக்குத் தெரிவிக்கும் ஏஜென்ட் என்ற சிறு நிரலையும் நிறுவுங்கள். பிணைய இணைப்புக்கான வாசல் எண்ணைப் போர்ட் என்பார்கள்; ஏஜென்ட் 10050 என்ற போர்ட்டிலும் சர்வர் 10051 என்ற போர்ட்டிலும் இணைப்புக்காகக் காத்திருக்கும். புதியவர்களுக்கு முதலில் வரும் சிக்கல், ஃபயர்வால் இவற்றை அடைத்துவைத்திருப்பதுதான். பிறகு, வட்டின் நிரம்பிய அளவு 5 நிமிடம் தொடர்ந்து 90 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எச்சரிக்கும்படி ஒரு டிரிக்கரை, அதாவது எப்போது சிக்கல் என்று கொள்வது என்ற நிபந்தனையை, நீங்களே எழுதி, அந்த எச்சரிக்கை உங்கள் கைப்பேசியின் டெலிகிராமுக்கு வரும்படி அமைத்துக்கொள்ளுங்கள். ஃபாலொகேட் என்ற லினக்ஸ் கட்டளையால் பெரிய வெற்றுக் கோப்பு ஒன்றை உருவாக்கினால் வட்டு நொடியில் நிரம்பிவிடும். 5 நிமிடம் கழித்து எச்சரிக்கை வர வேண்டும். கோப்பை நீக்கியபின் சிக்கல் தீர்ந்தது என்ற செய்தியும் வர வேண்டும். வராவிட்டால், தரவு வருகிறதா, டிரிக்கர் மாறியதா, டிரிக்கர் மாறியதும் செய்தி அனுப்ப வேண்டிய ஆக்‌ஷன் இயங்கியதா, செய்தி வெளியேறியதா என்று ஒவ்வொரு கட்டமாகத் தேடிப் பாருங்கள். இந்தத் தேடலை ஒருமுறை முழுமையாகச் செய்து முடித்தவருக்கு சாபிக்ஸின் அடிப்படை வந்துவிட்டது என்று துணிந்து சொல்வேன்.

அடுத்து, ஏஜென்ட்டையே நிறுத்திப் பாருங்கள். அளவு மீறுவதைக் கண்டுபிடிக்க எல்லாப் படிப்புகளும் சொல்லித்தருகின்றன. தரவே வராமல் போவதைக் கண்டுபிடிப்பதற்கு அந்த அளவு இடம் கிடைப்பதில்லை. எந்தத் தகவலும் வராத வரைபடத்தைப் பார்த்து எல்லாம் நலம் என்று நினைத்துவிடுவது மிகவும் ஆபத்தானது. சாபிக்ஸில் இதற்கென்றே நோடேட்டா என்ற செயற்கூறு இருக்கிறது.

எச்சரிக்கை வரம்புகளைப் பற்றியும் ஒரு சொல். 90 சதவீதம் என்று மேலே சொன்னது பயிற்சிக்காக மட்டும். 20 ஜிபி வட்டில் 90 சதவீதம் நிரம்பினால் மிச்சம் 2 ஜிபி. 2 டிபி வட்டிலோ ஏறத்தாழ 200 ஜிபி மிச்சமிருக்கும். முதலாவதுக்கு உடனே எழுந்து ஓட வேண்டும், இரண்டாவதுக்கு வேண்டாம். நிரம்பும் வேகத்தைக் கொண்டு, இன்னும் எவ்வளவு நேரத்தில் இடம் தீரும் என்று கணிக்கும் டைம்லெஃப்ட் என்ற செயற்கூறு இதற்குப் பொருத்தமானது. எதற்காக ஒருவரை நள்ளிரவில் எழுப்பலாம், எதைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று பிரித்தறிவதே இந்தத் தொழிலின் உண்மையான திறன். தேவையற்ற எச்சரிக்கைகள் குவிந்தால், தேவையான ஒன்று வரும்போதும் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

உங்கள் படிப்பு எந்தப் பதிப்பில் பதிவு செய்யப்பட்டது என்பதையும் பாருங்கள். 2021-ல் வந்த 5.4 பதிப்பில் டிரிக்கர் எழுதும் முறையே மாறிவிட்டது. அதற்கு முந்தைய வீடியோக்களில் நெளிவு அடைப்புக்குறிகளுக்குள் எழுதுவதை அப்படியே தட்டச்சு செய்தால் புதிய பதிப்பு ஏற்காது. குறை உங்களிடம் இல்லை. அத்தகைய இடங்களில் சாபிக்ஸ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் கையேட்டைப் பின்பற்றுங்கள். கல்லூரியின் சுவிட்சுகளையும் சர்வர்களையும் இணைப்பதை, பயிற்சி முடிந்து நிர்வாகத்தின் எழுத்துபூர்வ அனுமதி பெற்ற பிறகே செய்யுங்கள்.

கேள்வி: சாபிக்ஸ், புரோமிதியஸ் ஆகிய இரண்டு கண்காணிப்பு மென்பொருள்களில் எதை முதலில் கற்பது?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: நீங்கள் எதைப் பராமரிக்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சாபிக்ஸ், லாட்வியாவின் ரீகா நகரில் வங்கி ஒன்றில் கணினி நிர்வாகியாக இருந்த அலெக்ஸெய் விளாடிஷெவ் தம் பணித் தேவைக்காக எழுதத் தொடங்கி, 2001-ல் பொதுவில் வெளியிட்டது. சுவிட்ச், யுபிஎஸ், பிரிண்டர், சர்வர் எல்லாம் கலந்திருக்கும் அலுவலகத்துக்கு அது நன்கு பொருந்தும். புரோமிதியஸ் 2012-ல் சவுண்ட்கிளவுட் நிறுவனத்தில் பிறந்தது. கன்டெய்னர் எனப்படும் தனித்தனிப் பொதிகளாகவும், அவற்றை நிர்வகிக்கும் குபர்நெட்டீஸ் மென்பொருளின் கீழும் நொடிக்கு நொடி தோன்றி மறையும் சேவைகளுக்கு ஏற்றது. சேர்த்த தரவிலிருந்து வேண்டியதைக் கேட்டுப் பெற உதவும் அதன் பிராம்க்யூஎல் வினவல் மொழிக்குக் கூடுதல் நேரம் ஒதுக்க வேண்டியிருக்கும். லினக்ஸ் கட்டளைகளே புதிது என்றால் இரண்டையும் சற்று ஒத்திவையுங்கள். மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் லினக்ஸ் பாடங்கள் தமிழிலேயே இலவசமாகக் கிடைக்கின்றன.

கேள்வி: படிப்பை முடித்ததும் தரும் சான்றிதழுக்கு வேலை கிடைக்குமா?
– வாசகர், ஆவடி

பதில்: வீடியோக்களை முடித்ததற்காகத் தரும் சான்றிதழும், தேர்வு எழுதிப் பெறும் சான்றிதழும் ஒன்றல்ல. முதல் வகை, நீங்கள் படிப்பில் சேர்ந்து முடித்தீர்கள் என்பதை மட்டுமே காட்டும். இரண்டாம் வகையில் சாபிக்ஸ் நிறுவனம் நடத்தும் தேர்வுகளும், லினக்ஸ் ஃபவுண்டேஷன் வழியாக எழுதும் புரோமிதியஸ் தேர்வும் உள்ளன; கட்டணம் கூடுதல்தான், ஆயினும் மதிப்பு உண்டு. நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது, நீங்களே எழுதிய டிரிக்கர்களையும், எந்த எச்சரிக்கை பொய்யாக வந்தது, அதை எப்படிச் சரிசெய்தீர்கள் என்ற குறிப்புகளையும் கோப்பாக எடுத்துச் செல்லுங்கள். கண்காணிப்பு மையப் பணிகளில் பெரும்பாலும் இரவுப் பணியும் சுழற்சி முறையும் இருக்கும் என்பதால், அதைப் பற்றி வீட்டில் முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது.