முப்பதுக்கு மேல் முதுகு நிமிருமா?

செந்தூல் வாசகி, வயது 34: பள்ளி நாளிலேயே முதுகெலும்பில் பக்கவாட்டு வளைவு இருந்தது. இப்போது எக்ஸ்ரேயில் 28 டிகிரி என்கிறார்கள். பெல்ட் போட்டால் நேராகுமா, டாக்டர்?

ஆகாது அம்மா. பெல்ட்டின் வேலை வளரும் எலும்பை வழிக்குக் கொண்டுவருவது. உங்களுக்கு வளர்ச்சி நின்று பல வருடமாகிவிட்டது. வலி அதிகமான நாளில் சில மணி நேரம் மாட்டலாம். மாதக்கணக்கில் மாட்டினால் முதுகுத் தசை சோம்பிவிடும்.

30 டிகிரிக்குக் கீழான வளைவு பெரியவர்களிடம் பெரும்பாலும் அப்படியே நின்றுவிடும். 50-ஐத் தாண்டியதுதான் ஆண்டுக்குச் சுமார் 1 டிகிரி கூடக்கூடியது. பழைய எக்ஸ்ரேயைப் பத்திரமாக வையுங்கள். அடுத்த முறை 31 என்று வந்தால் பதறவேண்டாம், அளப்பவர் கைக்கு 3, 4 டிகிரி முன்னேபின்னே வரும்.

வலிக்குப் பயிற்சிதான் வழி. முதுகு வளைவுக்கான ஷ்ரோத் பயிற்சி முறை தெரிந்த பிசியோவைக் கேளுங்கள். கண்ணாடி முன் உட்கார்ந்து, விலா உள்வாங்கிய பக்கத்தில் உள்ளங்கையை வைத்து, மூச்சு அந்தக் கையைத் தள்ளும்வரை இழுக்கச் சொல்வார். முதல் வாரம் கை அசையவே அசையாது. விட்டுவிடாதீர்கள்.

செராஸ் வாசகர்: அம்மாவுக்கு வயது 66. ஐந்து நிமிடம் நடந்தால் கால் மரத்துப்போகிறது. பேரங்காடியில் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டால் மட்டும் நன்றாக நடக்கிறார்!

நல்ல கவனிப்பு. வயதில் தேய்ந்து வளையும் முதுகில் நரம்பு போகும் பாதை குறுகிவிடும். வண்டிமேல் சாய்ந்து குனியும்போது அது சற்று அகலும், அதான். எம்ஆர்ஐ எடுங்கள். எலும்பின் அடர்த்தியையும் பார்க்கச் சொல்லுங்கள். நடைக்குப் பதில் நிலையான சைக்கிள் அவருக்கு ஒத்துவரும். ஆனால் சிறுநீர் அடைத்தாலோ, தன்னையறியாமல் சிறுநீர் போனாலோ, கால் தொய்ந்தாலோ அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ் வாசகர்: மசாஜ் செய்தால் சரியாகுமா?

தசை இளகும், சுகமாக இருக்கும். வளைவு மாறாது. முதுகின்மேல் ஏறி மிதிக்க யாரையும் விடாதீர்கள்.

வாசகி, வயது 48: முதுகு ஆபரேஷனில் ராடும் ஸ்குரூவும் வைத்து நான்கு மாதம் ஆகிறது. ஆபீஸ் போகிறேன். தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கலாமா?

நான் வேண்டாம் என்பேன். ராடு சும்மா தாங்கிப் பிடிப்பதுதான், எலும்பு ஒட்ட 6 முதல் 12 மாதம் ஆகும். பத்துமலையின் 272 படியைவிட, தலையில் பாரத்தோடு நெரிசலில் ஒரு இடி வாங்குவதுதான் எனக்குப் பயம். இந்த வருடம் குடத்தை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு, கூட்டமில்லாத நாளில் போய்க் கும்பிட்டுவிட்டு வாருங்கள். அப்புறம், அவர் வீட்டுக்குள் சிகரெட் பிடிப்பதாக எழுதியிருந்தீர்கள். புகை எலும்பு ஒட்டுவதைக் கெடுக்கும், வெளியே போகச் சொல்லுங்கள்.