பேத்தாலஜி எடுக்கலாமா? வீட்டில் ‘லேப் டாக்டர்’ என்கிறார்கள்

எம்.பி.பி.எஸ். இரண்டாம் வருடத்திலேயே பேத்தாலஜி (திசு, ரத்தம் முதலியவற்றைச் சோதித்து நோயைக் கண்டறியும் துறை) பிடித்துப்போனது, ஆனால் வீட்டில் ‘ரத்தம் டெஸ்ட் பண்ணவா டாக்டருக்குப் படித்தாய்?’ என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் வீட்டிலும் இதே பாட்டுதான்.

பரீட்சைக்குப் படித்ததை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஃப்ரோசன் செக்‌ஷன் என்னும், ஆபரேஷன் நடக்கும்போதே திசுவைப் பார்த்து முடிவு சொல்லும் சோதனை வரும் நாளில் போய் நில்லுங்கள். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து ஒரு துண்டு சதை வரும். கிரையோஸ்டாட் என்ற, உறையவைத்துச் சீவும் கருவியில் மைனஸ் 20 டிகிரி அளவில் உறையவைத்து, மெல்லிசாகச் சீவி, சாயமேற்றி, சுமார் 20 நிமிடத்தில் போனில் பதில் சொல்ல வேண்டும். அங்கே வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு சர்ஜன் காத்திருப்பார். அந்தப் பதற்றம் பிடித்தால் தாராளமாக எடுக்கலாம்.

நோயாளியையே பார்க்க முடியாது என்பதும் முழு உண்மையில்லை. பல இடங்களில் எஃப்.என்.ஏ.சி.க்கு (கட்டியிலிருந்து மெல்லிய ஊசியால் செல்களை எடுத்துப் பார்க்கும் சோதனை) ஊசி போடுவது நாம்தான்.

பணமா? சொந்த லேப் வைத்தால் பெரிய செயின் லேப்களோடு மல்லுக்கட்ட வேண்டும், அதை மறைக்க மாட்டேன். ஆனால் 3 வருட எம்.டி.க்குப் பிறகு ரத்த நோய்களைக் கண்டறியும் பிரிவான ஹெமட்டோபேத்தாலஜியில் டி.எம். என்ற உயர்படிப்பு உண்டு. இரவு டூட்டியும் குறைவு. அம்மாவிடம் இதை முதலில் சொல்லுங்கள்.

அப்புறம், மைக்ரோஸ்கோப் பார்த்தாலே தலை வலிக்கிறது என்றீர்களே, கண்ணைக் காட்டுங்கள். எனக்குக் கண்ணாடிப் பவர்தான் கோளாறு.