பழைய கட்டடத்துக்கு ஒரு நாள்: சாவி யாரிடம் இருக்கிறதோ, அவரிடமிருந்து தொடங்குங்கள்

கேள்வி: எங்கள் நகரின் பழைய வீதியில் நூறு வயதைத் தாண்டிய கட்டடங்கள் ஏழெட்டு நிற்கின்றன. ஒரு நூலகம், ஓர் அச்சகம், சில வீடுகள், மூடிக் கிடக்கும் நீரேற்று நிலையம். நண்பர்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து இவற்றுக்காக ஒரு நாள் விழா எடுக்கப் போகிறோம். மேடை, புகைப்படக் கண்காட்சி, சுவர்களைக் கழுவிப் பூசி பெயின்ட் அடிப்பது என்று திட்டம். வீட்டுக்காரர்களில் ஒருவர் பிடிகொடுக்கவே இல்லை. எங்கிருந்து தொடங்குவது? விழா எடுத்தால் கட்டடம் பிழைக்குமா?

பதில்: முதலில் மேடையை விட்டுவிடுங்கள். மேடை போட்டால் மைக் வரும், மைக்கைப் பிடித்தவர் விட மாட்டார், வந்த கூட்டமோ கட்டடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கட்டடத்துக்கு விழா என்பது அதன் கதவைத் திறப்பதுதான். பிரான்ஸ் அரசு 1984இல் இதைத்தான் செய்தது: வழக்கமாகப் பூட்டியிருக்கும் நினைவுச்சின்னங்களை ஒரு நாள் மட்டும் மக்களுக்குத் திறந்துவிட்டது. 1990இல் கிளாஸ்கோ, 1992இல் லண்டன் என்று அந்த யோசனை பரவியது. இவற்றில் ஜனங்கள் ஆர்வத்தோடு வரிசையில் நிற்பது அரண்மனைகளுக்கு மட்டுமல்ல. தினமும் பேருந்திலிருந்து பார்த்துவிட்டு, ‘உள்ளே என்னதான் இருக்கும்’ என்று நினைத்துக்கொண்ட சாதாரணக் கட்டடங்களுக்கும்தான். அந்த வகையில் உங்கள் நீரேற்று நிலையம் ஒரு புதையல். நகரத்துக்குத் தண்ணீர் எப்படி வந்தது என்பதை அந்த இயந்திரத்தின் பக்கத்தில் நின்று கேட்டவர் அதைச் சுலபத்தில் மறக்க மாட்டார்.

ஏழெட்டையும் ஒரே நாளில் திறக்க வேண்டாம். மூன்று போதும், நடந்து போகும் தூரத்தில். முழுவதையும் நீங்களே சுமக்கவும் வேண்டாம். சென்னையில் 2004இல் தொடங்கிய மெட்ராஸ் தினக் கொண்டாட்டம் ஒரே குழு எல்லாவற்றையும் நடத்தும் விழா அல்ல. ஆர்வமுள்ளவர்கள் அவரவர் நடையையும் கண்காட்சியையும் பேச்சையும் தாங்களே ஏற்பாடு செய்கிறார்கள். நூலகத்தை நூலகரும் வாசகர்களும் பார்த்துக்கொள்ளட்டும். அச்சகத்தை, அங்கே எழுத்துக் கோத்த பழைய தொழிலாளி யாராவது இருந்தால், அவர் கையில் கொடுத்துவிடுங்கள். உங்களில் யாரும் அவர் அளவுக்குப் பேச முடியாது.

இனி பிடிகொடுக்காத அந்த வீட்டுக்காரர். அவர் பக்கம் நின்று பாருங்கள். ‘பாரம்பரியக் கட்டடம்’ என்று நாலு பேர் சொல்லத் தொடங்கினால் நாளைக்கு விற்க முடியாமல் போகுமோ, ஒரு ஜன்னலை மாற்றவும் அனுமதி கேட்க வேண்டிவருமோ, முன்பின் தெரியாதவர்கள் அறை அறையாக நுழைந்து படம் எடுத்துப் போடுவார்களோ என்ற பயம் அவருக்கு இருக்கும். எதுவும் வீண் பயம் இல்லை. சில ஊர்களில் சட்டம் அப்படித்தான் இருக்கிறது; எனவே ‘ஒன்றும் ஆகாது’ என்று மழுப்பாதீர்கள். உங்கள் நகரின் விதி என்ன என்பதைத் தெரிந்துகொண்டு போய் உள்ளதைச் சொல்லுங்கள். பிறகு ஒரே ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்: எந்தெந்த அறை, எத்தனை மணி வரை, ஒரு தடவைக்கு எத்தனை பேர், படம் எடுக்கலாமா கூடாதா, ஏதாவது உடைந்தால் யார் பொறுப்பு, முடிந்ததும் கூட்டிப் பெருக்குவது யார். அப்படியும் மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். திண்ணையோ வாசலோ மட்டும் போதும் என்று கேளுங்கள். அதுவும் இல்லையென்றால் இந்த வருடம் அவர் வீட்டைத் தாண்டிப் போங்கள். பக்கத்து வீட்டில் நடந்ததைப் பார்த்தபின் அவராகவே பேச்சுக் கொடுக்கக்கூடும்.

இதில் நான் ஒரு தடவை சூடுபட்டிருக்கிறேன். மூன்று மாதம் நடையாய் நடந்து ஒரு வீட்டுக்காரரைச் சம்மதிக்க வைத்திருந்தோம். விழா அன்று காலை எங்கள் ஆள் ஒருவர் அந்த வீட்டு மதிலிலேயே ‘பழமையை இடிக்காதே’ என்று பேனர் கட்டிவிட்டார். இடிக்கும் எண்ணமே இல்லாத மனிதர் அவர். வெளியே வந்தார், படித்தார், கதவைச் சாத்தினார். நுழைவுச்சீட்டோடு நின்ற அறுபது பேருக்கு என்னிடம் பதில் இல்லை. போராட்டம் வேறு, கொண்டாட்டம் வேறு. இரண்டும் தேவைப்படலாம், ஒரே நாளில் வேண்டாம்.

அடுத்து, உங்கள் திட்டத்தில் என்னைத் திடுக்கிட வைத்த பகுதி: கழுவிப் பூசி பெயின்ட் அடிப்பது. தயவுசெய்து வேண்டாம். அந்த வயதுக் கட்டடங்களில் பெரும்பாலானவை சுண்ணாம்புக் காரையில் எழுந்தவை. அந்தச் சுவர் ஈரத்தை உள்வாங்கும், காய்ந்ததும் வெளியே விட்டுவிடும். அதனால்தான் இத்தனை வருடம் நிற்கிறது. அதன்மேல் சிமென்டைப் பூசினாலோ பிளாஸ்டிக் வகைப் பெயின்டை அடித்தாலோ ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கும். ஈரத்தோடு வந்த உப்பு பூச்சுக்கு அடியில் படிகமாகி விரியும். செங்கல் பொரிந்து உதிரத் தொடங்கும். விழா முடிந்த அன்று பளிச்சென்று இருக்கும், கேடு நாலைந்து வருடம் கழித்துத் தெரியவரும். அதிவேகத் தண்ணீர்ப் பீய்ச்சல், மணல் பீய்ச்சல், ஆசிட் எல்லாமே இந்தக் கணக்கில்தான் சேரும். செங்கல்லின் மேல்தோல் போய்விட்டால் திரும்ப வராது. சுவரில் முளைத்த செடியையும் பிடுங்காதீர்கள். வேரோடு நாலு செங்கல்லும் சேர்ந்து வந்துவிடும். சுவரை ஒட்டி வெட்டிவிட்டு, வேரை என்ன செய்வது என்பதை அனுபவமுள்ள கொத்தனாரிடம் விடுங்கள்.

பளபளப்பாக்குகிறேன் என்று பழைய கட்டடத்தைச் சுரண்டும் ஆசை புதிதல்ல. பழைய தேவாலயங்களை ‘சீரமைக்கிறோம்’ என்று சுரண்டித் தள்ளியதைப் பொறுக்காமல்தான் இங்கிலாந்தில் கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மோரிஸ் 1877இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார். பெரிய சீரமைப்பைவிட அன்றாடப் பராமரிப்பே மேல் என்பது அந்தச் சங்கத்தின் நிலைப்பாடு. அதை அப்படியே உங்கள் தொண்டர்களுக்கு வேலையாக்கலாம். மழைநீர்க் குழாயில் அடைத்த சருகை எடுப்பது, சுவரோரம் குவிந்த மண்ணை விலக்குவது, வடிகாலைத் திறந்துவிடுவது, மரச்சாமானில் படிந்த தூசியை மெல்லிய தூரிகையால் தட்டுவது. படம் பிடித்துப் போட இதில் ஒன்றும் இல்லைதான். ஆனால் பழைய கட்டடத்துக்குப் பெரிய எதிரி தண்ணீர். அதற்கு வழிவிட்டாலே பாதி வைத்தியம் முடிந்தது. கூரைப் பக்கம் ஏறும் வேலையை மட்டும் பழக்கப்பட்டவர்களுக்கு ஒதுக்குங்கள்.

கைவேலை காட்ட ஆசை இருந்தால், தேர்ந்த கொத்தனாரை அழைத்து ஒரு பலகையில் சுண்ணாம்புப் பூச்சு செய்துகாட்டச் சொல்லுங்கள். சுவரில் அல்ல, பலகையில். சுண்ணாம்பை நீற்றுவதை முன்பே முடித்துவிட வேண்டும்; தண்ணீர் பட்டதும் அது கொதிக்கும், கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. நீற்றிய சுண்ணாம்பும் தோலை அரிக்கும் என்பதால் தொடுபவர்களுக்குக் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

மாடியைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய மரத்தளத்தில் உத்தரங்களின் நுனி சுவருக்குள் புதைந்திருக்கும் இடம்தான் முதலில் உளுக்கும். வெளியே பார்த்தால் தெரியாது. ஐந்து பேர் வாழ்ந்த வீட்டில் ஐம்பது பேரை ஏற்றுவதற்கு முன் கட்டுமானப் பொறியாளர் ஒருவரிடம் காட்டுங்கள். அவர் வேண்டாம் என்றால் மாடிக்குப் பூட்டு. வாசலில் ஒருவர் எண்ணி எண்ணி விடட்டும், ஒரு குழுவுக்குப் பதினைந்து பேருக்கு மேல் வேண்டாம்.

புகைப்படக் கண்காட்சியைச் சற்றே திருப்பிப் போடுங்கள். நீங்கள் காட்டுவதைவிட மக்கள் கொண்டுவருவதை வாங்குங்கள். ஒரு மேசை, ஒரு ஸ்கேனர், குறித்துக்கொள்ள ஒருவர். பழைய படத்தை அங்கேயே ஸ்கேன் செய்து கையோடு திருப்பிக் கொடுத்துவிட்டு, யார், எங்கே, ஏறத்தாழ எந்த வருடம் என்று எழுதிக்கொள்ளுங்கள். கட்டடக்கலை மாணவர்கள் கிடைத்தால் ஒரு கட்டடத்தையாவது அளந்து வரையச் சொல்லுங்கள். அமெரிக்காவில் 1933இல், பெரும் பொருளாதார மந்தத்தில் வேலையிழந்த கட்டடக் கலைஞர்களைக் கொண்டு பழைய கட்டடங்களை அளந்து வரையத் தொடங்கினார்கள். அந்த வரைபடங்களில் உள்ள பல கட்டடங்கள் இன்று இல்லை, வரைபடம் இருக்கிறது. வழிகாட்டிகளிடம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: ஆவணத்தில் இருப்பதை ஆவணம் என்றும், கேள்விப்பட்டதைச் செவிவழிச் செய்தி என்றும் பிரித்துச் சொல்ல வேண்டும். அடித்தளக் கல்லில் ஒரு வருடமும் வழிகாட்டி வாயில் இன்னொரு வருடமும் வந்தால் கூட்டத்தில் யாராவது ஒரு பெரியவர் பிடித்துக்கொள்வார்.

கட்டடம் பிழைக்குமா என்ற கேள்விக்கு உத்தரவாதம் தர என்னால் முடியாது. நியூயார்க்கில் 1962இல் பென் ரயில் நிலையத்தைக் காக்கக் கட்டடக் கலைஞர்கள் தெருவில் இறங்கி நின்றார்கள். அடுத்த வருடமே இடிக்கத் தொடங்கினார்கள். ஆனால் அந்த இழப்பு உறுத்தியதில் 1965இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதே ஊரின் கிராண்ட் சென்ட்ரல் நிலையத்துக்கு ஆபத்து வந்தபோது சட்டமும் இருந்தது, அதிபராக இருந்த கென்னடியின் மனைவி ஜாக்குலின் உள்பட அதற்காகப் பேச ஆட்களும் இருந்தார்கள். 1978இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் சாதகமாக வந்தது. இடிக்கும் இயந்திரம் வாசலுக்கு வந்தபின் கூட்டம் சேர்ப்பது கடினம். ஒரு தடவையாவது உள்ளே போய்ப் பார்த்த ஆயிரம் பேர் ஊரில் இருந்தால் அன்றைக்கு அது கொஞ்சம் எளிது.

விழா முடிந்து ஒரு வாரத்துக்குள் கட்டடச் சொந்தக்காரர்களிடம் திரும்பப் போங்கள். வந்தவர்கள் எழுதிய குறிப்பேடு, சேர்ந்த படங்களின் பிரதி, எங்கே ஒழுகுகிறது, எங்கே விரிசல் என்று உங்கள் பொறியாளர் குறித்த தாள், இவற்றைக் கையில் கொடுங்கள். கதவைத் திறக்காத அந்த வீட்டுக்காரருக்கும் ஒரு பிரதி. அவர் வீட்டுப் பழைய படம் ஒன்று உங்கள் ஸ்கேனரில் சிக்கியிருந்தால் அதை மேலாக வையுங்கள். அடுத்த வருடத் தேதியை அன்றைக்குக் கேட்காதீர்கள், படத்தில் இருப்பது யார் என்று மட்டும் கேளுங்கள்.