வெள்ளை மணலும் வினாகிரிப் போத்தலும்

மீன்தொட்டிக்கு மணல் விலை கொடுத்து வாங்க வேண்டுமா? வீட்டுக்கு முன்னால் கடற்கரை இருக்கிறதே, அள்ளிக் கழுவிப் போட்டால் என்ன? (வெள்ளவத்தை)

உப்பைக் கழுவலாம், சிப்பித்தூளைக் கழுவ முடியாது. அனுமதியில்லாமல் அள்ளுவது 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும் கூட.

நியோன் டெட்ரா மீன்கள் வளர்க்கிறேன். ஆற்று மணல் என்று சொல்லிப் பால்வெள்ளை மணல் விற்றார்கள். ஒரு மாதத்தில் பாதி மீன்கள் செத்துவிட்டன. தண்ணீரில்தான் குறை என்கிறார் கடைக்காரர். (தெஹிவளை)

தண்ணீரில் குறை இருக்கலாம். அந்தக் குறை எங்கிருந்து வந்தது என்று அவரைக் கேட்டீர்களா? காய்ந்த மணலில் ஒரு கரண்டி எடுத்து அதன் மேல் வினாகிரி ஊற்றிப் பாருங்கள். நுரைத்துப் பொங்கினால் அதில் இருப்பது பவளத்தூளோ சிப்பித்தூளோ, அதாவது கல்சியம் காபனேற்று. அது மெல்லக் கரைந்து நீரைக் கடினமாக்கும், காரத்தன்மையையும் ஏற்றும். ஆபிரிக்காவின் மலாவி ஏரிச் சிக்லிட் மீன்களுக்கு அது சுகம். அமேசன் பக்கத்து மென்னீரில் பிறந்த டெட்ராவுக்கு வதை. பொங்காவிட்டால் மணலைக் குறை சொல்லாதீர்கள். புதுத் தொட்டியில் சேரும் அமோனியாவும் இப்படித்தான் கொல்லும்.

நானும் ஏமாந்தவன்தான். பனி போன்ற வெள்ளை என்று மயங்கி ஒரு பை வாங்கினேன். மீன்கள் ஒவ்வொன்றாக மிதந்தபோது அதே கடையில் மருந்தும் வாங்கினேன். இரண்டு போத்தல்! மூன்றாவதைக் கேட்கப் போன நாளில்தான் எனக்குப் புத்தி வந்தது.

என் ஆத்திரமெல்லாம் அந்தப் பையின் மீதுதான். சின்னப் பிஸ்கட் பையிலும் என்ன சேர்த்தார்கள் என்று அச்சடித்திருக்கும். மணல் பையில் பெயரில்லை, நிறை இல்லை, எங்கே அள்ளியது என்றும் இல்லை. மேலே ஒரு வண்ணமீன் படம் மட்டும் சிரிக்கிறது. கடைக்காரர் வாயால் சொன்னதை நாளை அவரே மறந்துவிடுவார். ஆகவே பற்றுச்சீட்டில் 'ஆற்று மணல்' என்று எழுதி வாங்குங்கள். அவர் மறுத்தால் அந்த மணல் உங்களுக்கு வேண்டாம். உங்களிடம் சீட்டு இருக்கிறதென்றால், நுகர்வோர் விவகார அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முறையிட வேண்டும் என்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம். விசாரிக்கத் தொலைபேசி இலக்கம் 1977.

இரண்டடித் தொட்டிக்கு 25 கிலோ மணல் வேண்டும் என்றார்கள், வாங்கிப் போட்டேன். கிளறினால் கூழ்முட்டை நாற்றம். (கொட்டாஞ்சேனை)

அளவுநாடா உங்கள் வீட்டில் இல்லையா? நீளம் 60 சென்ரிமீற்றர், அகலம் 30, உயரம் 3 போதும். பெருக்கினால் ஐந்தரை லீற்றருக்குச் சற்றுக் குறைவு. ஏறத்தாழ 9 கிலோ. மிச்சம் 16 கிலோவுக்கும் காசு கொடுத்திருக்கிறீர்கள். அடியில் காற்றுப் போகாமல் ஐதரசன் சல்பைட்டு என்ற நச்சு வாயு சேர்ந்துவிட்டது, நாற்றம் அதனுடையது. ஒரேயடியாகக் கிளறாதீர்கள், மீன்கள் மடியும். தண்ணீர் மாற்றும் ஒவ்வொரு முறையும் ஒரு மூலையிலிருந்து குழாயால் கொஞ்சம் உறிஞ்சி எடுங்கள்.

மணல் கொட்டும்போது வடிகட்டி மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது கரகரவென்று சத்தம். உத்தரவாதத்தில் மாற்றித் தருவார்களா? (மருதானை)

தரமாட்டார்கள். அவர்கள் இடத்தில் நானும் தரமாட்டேன்.

கட்டடத்துக்கு வாங்கும் ஆற்று மணலைப் போடலாமா? (பம்பலப்பிட்டி)

போடலாம். அரிதட்டில் அரித்து, வினாகிரியால் சோதித்து, வாளித் தண்ணீர் தெளியும்வரை கழுவுங்கள். பத்துப் பன்னிரண்டு தடவை ஆகும், முதுகு வலிக்கும். என் தொட்டியில் இப்போது கிடப்பது அதுதான். வீடு கட்டிய அயலவர் ஒரு வாளி தந்தார், காசு வாங்க மறுத்துவிட்டார்.