மூன்றாவது சுற்று

அன்புள்ள ஐயா,

பிளஸ் டூ படிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை முதன்முறையாக உடற்பயிற்சி தொடங்கினேன். ஒரே மூச்சில் நூறு பஸ்கி போட்டேன். செவ்வாய்க்கிழமை மாடிப்படி இறங்க முடியவில்லை. பயிற்சியின்போது தசையில் சேரும் லாக்டிக் அமிலம்தான் காரணம், விடாமல் போட்டால் சரியாகும் என்கிறான் நண்பன். தேர்வு முடியும்வரை இதெல்லாம் வேண்டாம் என்கிறார் அப்பா. பயிற்சிக்குக் காலை நல்லதா, மாலையா? புரோட்டீன் பவுடர் வேண்டுமா?

ஒரு மாணவன், நாமக்கல்

அன்புள்ள தம்பி,

காலையோ மாலையோ, தினமும் தவறாமல் கிடைக்கும் நேரம் எதுவோ அது. பவுடர் வேண்டாம். முட்டை, பருப்பு, சுண்டல் போதும்.

ஆனால் முதல் நாளே நூறா? யார் சொன்னது உனக்கு? படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. லாக்டிக் அமிலம் ஒன்றிரண்டு மணி நேரத்தில் நீங்கிவிடும். செவ்வாய்க்கிழமை வரை தொடையில் தங்காது. பஸ்கியில் கீழே இறங்கும்போது தொடைத்தசை நீண்டுகொண்டே உடலின் எடையைத் தாங்குகிறது. பழக்கமில்லாத தசையில் அப்போது நுண்ணிய சிதைவுகள் உண்டாகின்றன. அதனால்தான் வலி மறுநாள் தொடங்கி இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகிறது. அந்தப் பழுதை உடல் சரிசெய்வது நீ ஓய்வெடுக்கும்போதும் தூங்கும்போதும்தான். தசை வலுவாவதும் அப்போதுதான். அதற்குள் மறுபடி நூறு போடாதே. சிறுநீர் கறுத்துப் போனால் அன்றைக்கே மருத்துவரிடம் போ.

ஒன்பதாம் வகுப்பில் எங்கள் விளையாட்டு ஆசிரியர் மைதானத்தை இரண்டு சுற்று ஓடச் சொன்னார். உற்சாகத்தில் மூன்றாவது சுற்றுக்குக் கிளம்பிய என் கையைப் பிடித்து நிறுத்தினார். "அது அடுத்த வாரத்துக்கு" என்றார். அடுத்த வாரமும் அரைச் சுற்றுதான் கூட்டினார். அரையாண்டுத் தேர்வு வருவதற்குள் பத்துச் சுற்று ஓடிவிட்டுப் பேசிக்கொண்டே வகுப்புக்குப் போனேன்.

பத்தாம் வகுப்பில் அவருடைய பீரியடைக் கணக்குக்கு எடுத்துக்கொண்டார்கள், ஆண்டு முழுவதும். பொதுத்தேர்வு முடிந்த மறுநாள் பழைய நினைப்பில் பத்துச் சுற்று ஓடப் போனேன். நான்காவது சுற்றில் வேப்பமரத்தடியில் வாந்தி எடுத்தேன். சேர்த்ததெல்லாம் ஒரே வருடத்தில் கரைந்திருந்தது. அவர் தண்ணீர் கொடுத்து முதுகைத் தடவினார். "இரண்டிலிருந்து வா" என்றார்.

அந்தப் பீரியடை எடுத்தவர்கள் மேல் எனக்கு இன்னும் ஆறவில்லை. இன்றும் எடுக்கிறார்கள். 2016ஆம் ஆண்டுத் தரவுகளின்படி, உலகில் 11 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளில் ஐந்தில் நான்கு பேருக்குப் போதிய உடலுழைப்பு இல்லை. உங்கள் வயதினருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் பிளஸ் டூவுக்கு விலக்கு கிடையாது. அப்பாவிடம் இதைப் படித்துக் காட்டு. உன் நன்மைக்காகத்தான் சொல்கிறார், ஆனால் அவர் சொல்வது தவறு.

வலி முழுதும் போன பிறகு பத்து பஸ்கி போடு. ஒரு நாள் விட்டு ஒரு நாள். அடுத்த வாரம் பன்னிரண்டு. பொதுத்தேர்வு நடக்கும் வாரத்திலும் நிறுத்தாதே.